உயிர்களின் உலகங்கள் எத்தனை?

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

முன்னுரை

பொருள்களை இனம் பிரித்து வைப்பது மனித இயல்பு. மளிகைக் கடைக்காரர் பருப்பை ஒரு பக்கமும் புளியை ஒரு பக்கமும் வைக்கிறார். பழவேற்காட்டில் வலை கரைக்கு வந்ததும் இறால் ஒரு கூடையிலும் நண்டு ஒரு கூடையிலும் மடவை ஒரு கூடையிலும் சேர்கின்றன. இவ்வாறு பிரித்து வைத்தால்தான் வேண்டியது வேண்டிய நேரத்தில் கைக்குக் கிட்டும். உயிரினங்களை வகைப்படுத்தும் கலையும் இதே தேவையில் பிறந்ததுதான். சிற்றினம், பேரினம், குடும்பம், வரிசை, வகுப்பு, தொகுதி என்று படிப்படியாக ஏறிச் சென்றால் உச்சியில் நிற்பது 'உலகம்' என்னும் பெரும் பிரிவு ஆகும்.

இந்த உலகங்கள் எத்தனை? எளிய கேள்வி போலத் தோன்றும். ஆனால் நம் வகுப்பறையிலேயே இதற்கு ஒரே விடை இல்லை. யூக்ளினா என்னும் ஒரு செல் உயிரியை விலங்கியல் வகுப்பில் கசையிழை கொண்ட முன்னுயிரி என்று படிக்கிறோம். துணைப்பாடமான தாவரவியல் வகுப்பில் அதையே பச்சையம் கொண்ட பாசி என்று படிக்கிறோம். ஒரே உயிர், இரண்டு வகுப்பறை, இரண்டு முகவரி. இந்த முரண்பாடு எங்கிருந்து வந்தது, அறிவியல் அதை எப்படித் தீர்த்தது, அதனால் நமக்கு என்ன பயன் என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

தொல்காப்பியர் கண்ட வகைப்பாடு

தமிழர்க்கு வகைப்பாடு புதிதன்று. தொல்காப்பியத்தின் மரபியல், உயிர்களை அவற்றின் அறிவைக் கொண்டு ஆறு படிகளாக அடுக்குகிறது. தொடு உணர்வு மட்டும் உடைய புல்லும் மரமும் ஓரறிவு உயிர்கள். அதனுடன் சுவை உணர்வும் பெற்ற நந்து, முரள் முதலியன ஈரறிவு உயிர்கள். மோப்பமும் சேர்ந்த கறையானும் எறும்பும் மூவறிவு உயிர்கள். பார்வையும் சேர்ந்த நண்டும் தும்பியும் நாலறிவு உயிர்கள். செவியும் பெற்ற விலங்குகள் ஐயறிவு உயிர்கள். மனம் என்னும் ஆறாவது அறிவு பெற்றவர் மக்கள்.

இதே மரபியல் தாவரங்களையும் இரண்டாகப் பகுக்கிறது. வெளிப்புறம் வயிரம் பாய்ந்தவை புறக்காழ். அவை புல் எனப்படும். உட்புறம் வயிரம் பாய்ந்தவை அகக்காழ். அவை மரம் எனப்படும். ஓலையும் பாளையும் ஈர்க்கும் உடையவை புல் வகையில் அடங்குவதால், பனையும் தென்னையும் அருகம்புல்லோடு ஓரினமாகின்றன. இன்றைய தாவரவியலும் பனை, தென்னை, புல் ஆகிய மூன்றையும் ஒருவிதையிலைத் தாவரங்கள் என்றே சொல்கிறது. இதை வைத்து நவீன அறிவியல் முழுவதும் நம் முன்னோருக்குத் தெரியும் என்று கூறுவது பொருந்தாது. ஆயினும் இலையின் உருவத்தைப் பார்த்து நின்றுவிடாமல், தண்டை வெட்டி உள்ளே பார்த்து வகைப்படுத்திய அந்தக் கூர்மை போற்றத்தக்கது. வகைப்பாட்டின் வரலாறு முழுவதுமே மேற்பரப்பிலிருந்து உள்ளே செல்லும் பயணம்தான்.

லின்னேயசின் இரண்டு உலகங்கள்

சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1735-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இயற்கையைத் தாவரம், விலங்கு, கனிமம் என மூன்றாக வகுத்தார். உயிருள்ளவை என்று பார்த்தால் உலகங்கள் இரண்டே. ஓரிடத்தில் வேரூன்றி நிற்பது தாவரம்; இடம் பெயர்ந்து இரை தேடுவது விலங்கு.

லின்னேயசின் மாணவர்களுள் ஒருவரான கோனிக் என்பவர் 1768-ஆம் ஆண்டில் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழகத்துச் செடிகொடிகளைச் சேகரித்தார். நம் வீட்டுத் தாளிதத்தில் மணக்கும் கறிவேப்பிலையின் அறிவியல் பெயரில் வரும் 'கோனிகீ' என்னும் சொல் அவரை நினைவூட்டுவதே ஆகும். லின்னேயசின் வகைப்பாடு நம் கடற்கரைக்கு வந்து சேர்ந்த வழி அது.

கண்ணுக்குத் தெரியும் உயிர்களுக்கு இரண்டு உலகங்கள் போதுமானவையாக இருந்தன. ஆலமரத்தையும் ஆட்டையும் யார் குழப்பிக்கொள்ளப் போகிறார்கள்? தொல்லை கொடுத்தவை கண்ணுக்குத் தெரியாதவை. ஆலந்து நாட்டுத் துணி வணிகர் லீவன்ஹூக், தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லைகளின் வழியாக 1670-களிலேயே நீர்த்துளியில் நெளியும் நுண்ணுயிர்களைக் கண்டிருந்தார். அவற்றுள் பல விலங்கைப் போல நீந்தின. சில தாவரத்தைப் போலப் பச்சையாகவும் இருந்தன. யூக்ளினா இதற்குத் தக்க சான்று. வெளிச்சத்தில் ஒளிச்சேர்க்கை செய்து தன் உணவைத் தானே சமைத்துக்கொள்ளும். இருட்டில் வைத்தால் சுற்றியுள்ள நீரிலிருந்து கரைந்த உணவை உறிஞ்சிப் பிழைக்கும். இதைத் தாவரவியலாரும் தமதென்றனர், விலங்கியலாரும் தமதென்றனர்.

இந்த வழக்குக்கு முதல் தீர்ப்பு எழுதியவர்களுள் செர்மனி நாட்டு எக்கல் குறிப்பிடத்தக்கவர். 1866-ஆம் ஆண்டில் அவர் 'புரோட்டிஸ்டா' என்னும் மூன்றாம் உலகத்தை முன்மொழிந்தார். தாவரமும் அல்லாத, விலங்கும் அல்லாத எளிய உயிர்களுக்கு அது தனி வீடாயிற்று.

உட்கரு உண்டா, இல்லையா?

நுண்ணோக்கி வளர வளர, இதைவிட ஆழமான பிளவு ஒன்று வெளிப்பட்டது. தாவரமாயினும் விலங்காயினும் அதன் செல்லினுள் சவ்வால் சூழப்பட்ட உட்கரு இருக்கிறது. பாக்டீரியங்களுக்கு அத்தகைய உட்கரு இல்லை. இவ்விரு வகைச் செல்களையும் பிரித்துக் காட்டும் பெயர்களை 1925-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் சாட்டன் வழங்கினார். 1938-ஆம் ஆண்டில் அமெரிக்கரான கோப்லாண்டு, உட்கருவற்ற உயிர்களுக்குத் தனி உலகம் அளித்து, உலகங்களை நான்காக்கினார். 1962-ஆம் ஆண்டில் ஸ்டேனியர், வான் நீல் என்னும் இருவர், பாக்டீரியத்தின் இலக்கணம் இதுதான் என்று தெளிவாக வரையறுத்துக் கூறினர். அன்றுமுதல் மரத்துக்கும் மனிதனுக்கும் உள்ள வேறுபாட்டைவிட, மரத்துக்கும் பாக்டீரியத்துக்கும் உள்ள வேறுபாடே பெரிது என்பது நிலைபெற்றது.

இந்த மாற்றத்தின் முழுப் பொருளையும் உணர நாம் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தின் வரலாற்றைப் பார்த்தாலே போதும். அதன் இயக்குநராக விளங்கிய எம்.ஓ.பி. அய்யங்கார் இந்தியப் பாசியியலின் தந்தை என்று போற்றப்படுபவர். ஈரமண்ணில் வளரும் 'பிரிட்சியெல்லா' என்னும் பச்சைப்பாசியை 1932-ஆம் ஆண்டில் உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் அவரே. அவருடைய மாணவர் டி.வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளைப் பற்றி 1959-ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூல் உலகெங்கும் ஆய்வாளர் கையில் தவழ்ந்தது. பின்னாளில் அவர் டயாட்டங்களை ஆராய்ந்தார். டி.எஸ். சதாசிவன் பருத்தியின் வாடல் நோயை உண்டாக்கும் மண்வாழ் பூஞ்சையை ஆராய்ந்தார். சி.வி. சுப்பிரமணியன் பூஞ்சைகளின் ஒரு பெரும் பிரிவைப் பற்றி 1971-ஆம் ஆண்டில் பெருநூல் எழுதினார்.

இவர்கள் அனைவரும் தாவரவியலார். ஆனால் இன்றைய கணக்குப்படி அவர்கள் ஆராய்ந்த உயிர்கள் எந்தெந்த உலகத்தைச் சேர்ந்தவை? அய்யங்காரின் பச்சைப்பாசி தாவரங்களின் நெருங்கிய உறவு. தேசிகாச்சாரியின் நீலப்பச்சைப் பாசிக்கு உட்கரு இல்லை. எனவே அது பாசியே அன்று, பாக்டீரியம். அவருடைய டயாட்டம் புரோட்டிஸ்டா உலகத்தது. சதாசிவனும் சுப்பிரமணியனும் ஆராய்ந்தவை பூஞ்சை உலகத்தவை. ஒரே கூரையின் கீழ், ஒரே துறையின் பெயரால், நான்கு உலகங்கள் ஆராயப்பட்டிருக்கின்றன! பெயர்ப்பலகை பழையதாக இருந்ததால் ஆராய்ச்சி குறைந்துவிடவில்லை. மாறாக, இத்தகைய அறிஞர்கள் ஒவ்வோர் உயிரையும் நுணுகிப் பார்த்து எழுதி வைத்ததனால்தான் பெயர்ப்பலகையை மாற்ற முடிந்தது.

விட்டேகரின் ஐந்து உலகங்கள்

இன்று நம் பாடநூல்களில் இடம்பெறும் ஐந்துலக வகைப்பாட்டை அமெரிக்கச் சூழலியல் அறிஞர் விட்டேகர் 1969-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அவர் மூன்று கேள்விகளைக் கேட்டார். செல்லில் உட்கரு உண்டா? உடல் ஒரு செல்லால் ஆனதா, பல செல்களால் ஆனதா? உணவு பெறும் முறை யாது?

1. மொனிரா: உட்கரு அற்ற ஒரு செல் உயிர்கள். பாக்டீரியங்களும் நீலப்பச்சைப் பாசிகளும் இதில் அடங்கும்.

2. புரோட்டிஸ்டா: உட்கரு உடைய, பெரும்பாலும் ஒரு செல்லால் ஆன உயிர்கள். அமீபா, யூக்ளினா, டயாட்டம், மலேரியா ஒட்டுண்ணி ஆகியவை இங்கு உள்ளன.

3. பூஞ்சை: உணவை உறிஞ்சி வாழ்பவை. காளான், ஈஸ்ட், ரொட்டிமேல் படரும் பூசணம் ஆகியவை.

4. தாவரம்: ஒளிச்சேர்க்கையால் உணவைத் தாமே ஆக்கிக்கொள்பவை.

5. விலங்கு: உணவை விழுங்கிச் செரிப்பவை.

ஆக்குதல், உறிஞ்சுதல், விழுங்குதல் என்ற மூன்று சொற்களில் மேல்நிலை உலகங்கள் மூன்றும் அடங்கிவிடுகின்றன. காளானுக்கு விடுதலை கிடைத்ததும் இங்கேதான். ஓரிடத்தில் நிற்கிறது என்ற ஒரே காரணத்துக்காக நெடுங்காலம் தாவரமாக வைக்கப்பட்டிருந்த காளானுக்குப் பச்சையம் இல்லை. அதன் செல்சுவர் செல்லுலோசால் ஆனதன்று, நண்டின் ஓட்டிலுள்ள கைட்டினால் ஆனது. அது தரசத்தைச் சேமிப்பதில்லை, நம் கல்லீரலைப் போலக் கிளைகோஜனைச் சேமிக்கிறது. பிற்கால மரபணு ஆய்வுகள் பூஞ்சை தாவரத்தைவிட விலங்குக்கே நெருங்கிய உறவு என்று உறுதி செய்தன.

நம் வீட்டிலும் தொழிற்பேட்டையிலும்

இந்த உலகங்களைக் காண அடுக்களைக்குள் சென்றாலே போதும். அரிசியும் உளுந்தும் தாவரம். அவற்றை அரைத்துக் கரைத்த கை விலங்கு. இரவில் மாவைப் புளிக்கவைத்துப் பொங்கச் செய்பவை லியூகோநாஸ்டாக் முதலிய பாக்டீரியங்கள். அவற்றோடு ஈஸ்ட் என்னும் பூஞ்சையும் சேர்கிறது. காலை இட்லியில் நான்கு உலகங்கள் ஒன்றுகூடுகின்றன என்றால் அது மிகையாகாது.

நம் கும்மிடிப்பூண்டிப் பகுதியில் தொழிற்சாலை வேலைக்குச் செல்லும் நண்பர்கள் 'ஈ.டி.பி.' என்று சொல்லும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தை அறிவர். நுண்ணுயிர்களைக் கொண்டு சுத்திகரிக்கும் முறையில், காற்று ஊதப்படும் தொட்டியில் உள்ள பழுப்பு நிறச் சேறு வெறும் சேறன்று. அதிலுள்ள பாக்டீரியங்கள் கழிவை உண்கின்றன. தண்டு கொண்ட மணி போன்ற வார்டிசெல்லா முதலிய புரோட்டிஸ்டாக்கள், தனித்து மிதக்கும் பாக்டீரியங்களை உண்டு நீரைத் தெளிவாக்குகின்றன. ரோட்டிபர் என்னும் நுண்ணிய விலங்குகள் இவ்விரண்டையும் உண்கின்றன. நுண்ணோக்கியில் வார்டிசெல்லா நிறையத் தெரிந்தால் தொட்டி நலமாக இருக்கிறது என்று பொருள். நீரில் அமிலத்தன்மை மிகுந்தால் பூஞ்சை இழைகள் பெருகும். அப்போது சேறு அடியில் படியாமல் மிதக்கும். எந்த உலகத்து உயிர் பெருகுகிறது, எது குறைகிறது என்று பார்த்தே தொட்டியின் நிலையைக் கூறிவிடலாம். ஆகவே வகைப்பாடு என்பது தேர்வுக்கு மட்டும் உரிய பாடம் அன்று. நம்மில் சிலருக்கு நாளைய தொழிலாகவும் அமையலாம்.

படர்தாமரை தாவரமா, புழுவா?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "செடி, பூச்சி என்று பெயர் வைப்பதைப் படித்து என்னடா ஆகப் போகிறது?" என்று என் தாயார் கேட்பதுண்டு. அதற்கு எங்கள் வீட்டிலேயே விடை கிடைத்தது.

என் அண்ணன் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. உலைக்கு அருகே தடித்த சீருடையில் எட்டு மணி நேரம் வியர்த்து நிற்கும் வேலை. இடுப்பில் படர்தாமரை வந்தது. ஒரு கடையில் கேட்டு வாங்கிய களிம்பைப் பூசினார். இரண்டே நாளில் அரிப்பு அடங்கிற்று, சிவப்பும் மங்கிற்று. ஒரு மாதத்தில் முதுகு முழுவதும் படர்ந்துவிட்டது. அரசு மருத்துவமனையில் காட்டியபோது, அந்தக் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாக மருத்துவர் கூறினார்.

படர்தாமரையை நாம் தாமரை என்கிறோம். ஆங்கிலேயர் அதை வளையப் புழு என்கின்றனர். தமிழ்ப் பெயர் அதைத் தாவரமாக்கியது. ஆங்கிலப் பெயர் அதை விலங்காக்கியது. உண்மையில் அது இரண்டும் அன்று; பூஞ்சை. நாற்று நடும் பெண்களின் கால்விரல் இடுக்கில் வரும் சேற்றுப்புண்ணிலும் பெரும்பாலும் பூஞ்சைக்குப் பங்கு உண்டு. ஸ்டீராய்டு நம் தோலின் எதிர்ப்பை அடக்குகிறது. எதிர்ப்பு அடங்குவதால் அரிப்பும் அடங்குகிறது. தடுப்பார் இல்லாததால் பூஞ்சை தடையின்றிப் படர்கிறது.

சரி, பாக்டீரியத்தைக் கொல்லும் பென்சிலின் இதைக் கொல்லாதா? கொல்லாது. பென்சிலின் தாக்குவது பாக்டீரியத்தின் செல்சுவரிலுள்ள பெப்டிடோகிளைகான் என்னும் பொருளை. பூஞ்சைக்கு அது கிடையாது. பூஞ்சைக்கென்று தனி மருந்து வேண்டும். அதன் செல் சவ்விலுள்ள எர்கோஸ்டீரால் என்னும் கொழுப்பு நம் உடலில் இல்லாதது. குளோட்ரிமசோல், டெர்பினபின் போன்ற மருந்துகள் அந்தக் கொழுப்பு உருவாவதைத் தடுத்துப் பூஞ்சையை ஒடுக்குகின்றன. பூஞ்சை நமக்கு நெருங்கிய உறவு என்பதால், நம்மைத் தாக்காமல் அதை மட்டும் தாக்கும் மருந்துகள் குறைவு. நெருங்கிய பங்காளியோடு வழக்காடுவது எப்போதுமே கடினம்தான்!

தவறான உலகத்தில் வைத்தால் நேரும் இடருக்கு இன்னொரு சான்று உருளைக்கிழங்கின் பின்பருவக் கருகல் நோய். 1845-ஆம் ஆண்டு முதல் அயர்லாந்தில் பெரும் பஞ்சத்தை விளைவித்ததும், நீலகிரி உழவர்க்குத் தொல்லை தருவதும் இதுவே. இதன் காரணி நெடுங்காலம் பூஞ்சை என்றே எண்ணப்பட்டது. அதன் செல்சுவரிலோ செல்லுலோஸ் உண்டு. அதன் உறவோ டயாட்டங்களும் பழுப்புநிறக் கடற்பாசிகளும். ஆகவே பூஞ்சைக்கு ஏற்ற மருந்துகளில் பல இதனிடம் பயன்படுவதில்லை.

மலேரியா ஒட்டுண்ணியின் கதை இன்னும் வியப்பானது. அது ஒரு புரோட்டிஸ்டா. அதன் செல்லினுள், பசுங்கணிகத்தின் எச்சமான ஓர் உறுப்பு ஒளிந்திருப்பது 1990-களில் கண்டறியப்பட்டது. பசுங்கணிகமோ தொல்பழங்காலத்தில் மற்றொரு செல்லுக்குள் குடிபுகுந்த நீலப்பச்சைப் பாக்டீரியத்தின் வழிவந்தது. அதனால்தான் பாக்டீரியத்துக்குரிய டாக்சிசைக்ளின் மருந்து மலேரியாவிலும் பயன்படுகிறது. உறவுமுறை தெரிந்தால் மருந்தின் வழியும் தெரிகிறது.

மூன்று பேருலகங்கள்

விட்டேகரோடு கதை முடிந்துவிடவில்லை. 1977-ஆம் ஆண்டில் கார்ல் வோஸ், ஜார்ஜ் பாக்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர்கள் உருவத்தையும் உணவையும் விட்டுவிட்டு, எல்லா உயிர்களிலும் உள்ள ரைபோசோம் ஆர்.என்.ஏ.வை ஒப்பிட்டனர். பாக்டீரியம் என்று எண்ணப்பட்ட உயிர்களுள் ஒரு கூட்டம், மற்ற பாக்டீரியங்களிலிருந்து முற்றிலும் வேறுபட்டிருந்தது. அவையே ஆர்க்கியா எனப்படுவன. 1990-ஆம் ஆண்டில் வோசும் அவருடன் இருவரும், உலகங்களுக்கும் மேலாகப் பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியா என மூன்று பேருலகங்களை முன்மொழிந்தனர். உட்கரு உடைய அனைத்தும், நாமும் உட்பட, மூன்றாவதில் அடக்கம்.

ஆர்க்கியா எங்கோ எரிமலை வாயில் மட்டும் இருப்பதன்று. சாண எரிவாயுக் கலனில் மீத்தேனை உண்டாக்குபவை ஆர்க்கியாக்களே. அடுப்பில் எரியும் நீலச் சுடர் அவற்றின் உழைப்பு. உப்பளங்களில் நீர் வற்றி உவர்ப்பு முற்றும்போது பாத்தியில் செந்நிறம் படர்கிறதே, அதற்குக் காரணமும் பெரும்பாலும் உப்பை விரும்பும் ஆர்க்கியாக்கள்தாம். டுனாலியெல்லா என்னும் பாசியும் அதில் பங்கு கொள்கிறது.

2015-ஆம் ஆண்டில் மேலும் இரண்டு செய்திகள் வந்தன. ஆர்க்டிக் பகுதிக் கடலடிச் சேற்றில், உட்கரு உடைய உயிர்களுக்கு மிக நெருங்கிய உறவான ஆர்க்கியாக்களின் மரபணுக்கள் கண்டறியப்பட்டன. நம் செல்லின் மூதாதை ஆர்க்கியாவிலிருந்தே கிளைத்தது என்னும் கருத்து இதனால் வலுப்பெற்றது. அதே ஆண்டில் அறிஞர் குழு ஒன்று பாக்டீரியா, ஆர்க்கியா, புரோட்டோசோவா, குரோமிஸ்டா, பூஞ்சை, தாவரம், விலங்கு என ஏழு உலகங்களைக் கொண்ட பட்டியலை வெளியிட்டது. டயாட்டமும் கருகல் நோய்க் காரணியும் அதில் குரோமிஸ்டாவில் இடம் பெற்றன.

வைரசுக்கு இவ்வுலகங்கள் எதிலும் இடமில்லை. அதற்குச் செல்லே இல்லை. பிற உயிரின் செல்லுக்குள் புகுந்தால்தான் பெருக முடியும். அதற்கெனத் தனி வகைப்பாடு உண்டு. பாக்டீரியத்தைக் கொல்லும் மருந்து வைரசிடம் பலிக்காது என்பதைக் கொரோனாக் காலத்தில் எல்லோரும் கேட்டறிந்தோம். ஆயினும் சாதாரணச் சளிக்கு அதே மாத்திரையைக் கேட்டு வாங்கும் பழக்கம் நம்மிடையே இன்னும் போகவில்லை. தேவையற்ற இடத்தில் வீணாக்கப்படும் மருந்து, தேவைப்படும் நாளில் வேலை செய்யாமல் போகும்.

முடிவுரை

இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஏழு என்று எண்ணிக்கை மாறியதைக் கண்டு, அறிவியல் நிலையற்றது என்று சிலர் கூறக்கூடும். உயிர்கள் மாறிவிடவில்லை, நாம் பார்க்கும் ஆழம் மாறியிருக்கிறது. இயற்கை தன் வீட்டுக்குள் சுவர் எழுப்பவில்லை. அங்கே இருப்பது உறவுமுறை. அந்த உறவுமுறையை அன்றன்று கிடைத்த கருவியைக் கொண்டு மனிதன் எழுதிவரும் கணக்கே உலக வகைப்பாடு. புதிய சான்று வந்தால் கணக்கைத் திருத்துவதே நேர்மை.

நம் துறைகளும் அவ்வாறு ஒன்றையொன்று நாடுதல் நலம். பழவேற்காடு ஏரி, சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி ஆகும். அங்கு வரும் பூநாரையின் இளஞ்சிவப்புக்கு மூலம், அது உண்ணும் நுண்பாசிகளிலும் சிறு இறால் இனங்களிலும் உள்ள நிறமி. பூநாரையை விலங்கியல் மாணவரும் பாசியைத் தாவரவியல் மாணவரும் தனித்தனியே பார்த்துவிட்டு வந்தால், அந்த நிறம் எங்கிருந்து வந்தது என்பது இரு சாராருக்கும் விளங்காது. வரும் கல்வியாண்டில் இரு துறையினரும் ஒரே பேருந்தில் பழவேற்காடு செல்லவும், ஒரே சொட்டு ஏரிநீரை இருவரும் ஒரே நுண்ணோக்கியில் காணவும் நம் பேராசிரியப் பெருமக்கள் ஆவன செய்ய வேண்டும் என்பது என் பணிவான வேண்டுகோள். அங்கே யூக்ளினா தென்பட்டால், அது யாருக்குச் சொந்தம் என்று நாம் வழக்காட வேண்டியிராது.